பாலு மகேந்திராவும் வளவு வெளிச்சமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு பிப்ரவரியிலும், பாலு மகேந்திரா மறைந்த 13ஆம் தேதியை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை, காரைக்குடியில் நண்பர் வீட்டு வளவில் (திறந்த முற்றமும் அதைச் சுற்றிய தூண் தாழ்வாரமும்) வெள்ளைத் துணி கட்டி அவருடைய படம் ஒன்றைப் போடுகிறோம். கல்யாண வீடியோ எடுக்கிற தம்பிகள் வருவார்கள், கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள், விசேஷத்துக்கு ஊர் வந்த உறவுக்காரர்கள் வருவார்கள். படம் முடிந்து காபி வருவதற்குள் அதே கேள்விகள் வந்துவிடும். அவரவர் கேட்டபடியே இங்கே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். நான் படம் பிடித்துப் பிழைக்கிறவன். அதனால் பேச்சு அடிக்கடி வெளிச்சத்தின் பக்கம் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலு மகேந்திரா கேமராமேனா, டைரக்டரா? ரெண்டு விதமாவும் சொல்றாங்களே?

இரண்டும்தான், ஆனால் முதலில் ஒளிப்பதிவாளர். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து 1969இல் தங்கப் பதக்கத்துடன் வெளியே வந்தார். ராமு காரியாட் இயக்கிய மலையாளப் படம் 'நெல்லு' அவருக்கு முதல் படம். அது 1974இல் வெளிவந்தது. அப்புறம் சில வருடம் மற்றவர்கள் படங்களுக்குக் கேமரா பிடித்தார். 1977இல் கன்னடத்தில் 'கோகிலா'வைத் தானே இயக்கினார். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது கிடைத்தது. 1982இல் 'மூன்றாம் பிறை'க்கு இன்னொன்று.

இயக்குநர் ஆன பிறகும் கேமராவை இன்னொருவர் கையில் கொடுக்கவில்லை. படத்தொகுப்பையும் பெரும்பாலும் தானே செய்தார். மற்றவர்களுக்காக அவர் பிடித்த படங்களில் 'சங்கராபரணம்' உண்டு, மணிரத்னத்தின் முதல் படமான 'பல்லவி அனுபல்லவி'யும் உண்டு.

முள்ளும் மலரும் எடுத்த மகேந்திரனும் இவரும் ஒரே ஆள்தானே?

இல்லை. 'முள்ளும் மலரும்' (1978) இயக்கியவர் மகேந்திரன். அவருக்கு அது முதல் படம். அதற்கு ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. ஒரே படத்தில் இரண்டு பெயரும் வருவதால் குழப்பம். மகேந்திரனின் 'ஜானி', 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' எல்லாம் அசோக்குமாரின் கேமரா. அவரும் பெரிய ஆள், அவரைப் பற்றி இன்னொரு நாள்.

சிலோன்காரராமே? இங்க எப்படி வந்தார்?

மட்டக்களப்பு பக்கத்தில் அமிர்தகழி என்ற ஊர். 1939 மே 20 பிறப்பு, அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பள்ளிச் சுற்றுலாவில் போனபோது, டேவிட் லீன் தம் 'க்வாய்' ஆற்றுப் பாலப் படத்தை இலங்கையில் எடுத்துக்கொண்டிருந்தாராம். 'மழை' என்று அவர் குரல் கொடுத்ததும் மழை கொட்டியதைப் பார்த்து அசந்துபோனதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். கொழும்பில் நில அளவைத் துறையில் வரைபடக்காரராக வேலை பார்த்தார், 'தேனருவி' என்று ஓர் இலக்கியப் பத்திரிகையும் நடத்தினார். அதற்குப் பிறகுதான் புனே.

நம் பக்கத்தில் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் கொண்டுவிற்கப் போன கதை இல்லாத வீடு குறைவு. இவர் அங்கிருந்து இங்கே வந்தவர். எங்கள் கூட்டத்தில் பெரியவர்களுக்கு அவர்மேல் தனிப் பிரியம் வர அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அவருக்கும் நம்ம ஊருக்கும் என்னண்ணே சம்பந்தம்? சும்மா கூட்டம் போடறதுக்கு ஒரு சாக்கா?

சம்பந்தம் ஒன்று கையருகிலேயே இருக்கிறது. காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் யாருடைய மணிமண்டபம்? கண்ணதாசனுடையது. சிறுகூடல்பட்டிக்காரர். 'மூன்றாம் பிறை'க்கு அவர் எழுதிய 'கண்ணே கலைமானே'தான் அவர் கடைசியாக எழுதிய திரைப்பாட்டு என்று சொல்வார்கள். 1981 அக்டோபரில் சிகாகோவில் அவர் காலமானார். மறு வருடம் படம் வந்தபோது பாட்டு மட்டும் இருந்தது.

சினிமா நமக்குப் புதிதும் இல்லை. ஏ.வி.எம். கோடம்பாக்கம் போவதற்கு முன் ஸ்டூடியோ இருந்தது இங்கே தேவகோட்டை ரஸ்தாவில்தான். 1947இல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்தது. ஆனால் நாங்கள் கூட்டம் போடுவதற்கு உண்மையான காரணம் அடுத்த இரண்டு பதில்களில் இருக்கிறது.

லைட்டே போடாம படம் எடுப்பாராமே, நிஜமா?

பாதி நிஜம். முடிந்த இடத்தில் இருக்கிற வெளிச்சத்தை வைத்தே எடுத்தார். முடியாத இடத்தில் விளக்கு போட்டார், ஆனால் போட்டது தெரியாது. அறையில் ஜன்னல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலிருந்துதான் அவர் வெளிச்சம் வரும். ராத்திரிக் காட்சியில் ஒரு மேசை விளக்கு எரிந்தால் முகத்தின் ஒரு பாதி அதற்கு, மறு பாதி இருட்டுக்கு. அதுவரை பழகியிருந்த ஸ்டூடியோ முறையை நினைத்துப் பாருங்கள். செட்டுக்கு மேலே பரண் கட்டி அதிலிருந்து விளக்குகளை நேரே முகத்தில் அடிப்பார்கள். குடிசைக்குள் பாட்டி படுத்திருப்பாள், அவள் தலைமுடிக்குப் பின்னாலும் ஒரு விளக்கு மின்னும், சுவரில் மூன்று நிழல் விழும்.

அன்றைய கலர் பிலிமின் வேகம், அதாவது வெளிச்சத்தை வாங்கும் திறன், சுமார் 100 ஏ.எஸ்.ஏ.தான் (இன்று ஐ.எஸ்.ஓ. என்கிறோம்). இன்று தம்பிகள் மண்டபத்துக்குள் 3200 வைத்துக்கொண்டு சாதாரணமாக எடுக்கிறார்கள். கணக்குப் போட்டால் 32 மடங்கு. அதாவது இன்று ஒரு பங்கு வெளிச்சத்தில் நடக்கிற வேலைக்கு அன்று 32 பங்கு வேண்டும். அந்த பிலிமை வைத்துக்கொண்டு விடிகாலையிலும் பனியிலும் ஊட்டியில் படம் பிடித்ததற்கு நெஞ்சுரம் வேண்டும். எடுத்தது சரியா என்று அங்கேயே பார்க்கவும் முடியாது. பிலிம் லேபுக்குப் போய்க் கழுவி வந்தால்தான் தெரியும்.

இந்த வழி அவர் கண்டுபிடித்ததில்லை. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வில் (1956) காசியில் ஒரு பழைய வீடு வரும், நடுவில் திறந்த முற்றம். அந்த வீட்டைக் கல்கத்தாவில் ஸ்டூடியோவுக்குள் செட்டாகப் போட்டார்கள். முற்றத்து வெளிச்சத்துக்கு எங்கே போவது? ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். கீழேயிருந்து விளக்கை அந்தத் துணியில் அடித்தார். துணியில் பட்டுத் திரும்பி வந்த வெளிச்சம் ஆகாயத்திலிருந்து இறங்குவது போலவே இருந்தது. ராயின் படங்களைப் பார்த்து வளர்ந்த பாலு மகேந்திரா தமிழில் இந்தப் பாதையில் நடந்தவர். பட்டுத் திரும்பும் வெளிச்சம் என்றால் என்ன என்று வகுப்பு எடுக்க நம் ஊரில் துணிகூடக் கட்ட வேண்டியதில்லை. எந்த வளவிலாவது போய் நின்றால் போதும்.

வளவுல அப்படி என்னதான் வெளிச்சம்? எப்பப் போய்ப் பாக்கணும்?

காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் போங்கள். வெயில் முற்றத்தின் ஒரு மூலையில் மட்டும் விழுந்து கிடக்கும். அதற்கு எதிர்ப்பக்கம், தேக்குத் தூணை ஒட்டி, ஆச்சி யாராவது உட்கார்ந்து முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் அவர்கள் முகத்தைக் கவனியுங்கள். வெயில் அவர்கள்மேல் படவே இல்லை. தரையிலும் சுண்ணாம்புச் சுவரிலும் பட்டுத் திரும்பி வருகிறது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர், கை வைத்தால் வழுக்கும், பாதிக் கண்ணாடி. முற்றத்துப் பக்கக் கன்னம் நன்றாகத் தெரியும். மூக்கைத் தாண்டி மறு கன்னத்துக்குப் போகும்போது இருட்டு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். எந்த இடத்தில் ஏறியது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. கிட்டப் போய்ப் பார்த்தால் கண்மணிக்குள் ஒரு சின்ன வெள்ளைச் சதுரம் இருக்கும். அது தலைக்கு மேலே திறந்திருக்கிற ஆகாயம்.

அதே ஆச்சியை இரண்டு எட்டு உள்ளே, பட்டாலைப் பக்கம் நகர்ந்து உட்காரச் சொன்னால் வெளிச்சம் பாதியாகிவிடும், ஆனால் அதன் குணம் மாறாது. உச்சி வெயில் முற்றத்துக்கு நேரே இறங்கும் நேரத்தில் மட்டும் தொடாதீர்கள், கண்ணுக்குக் கீழே கரி பூசியது போல் நிழல் விழும்.

தம்பிகள் செய்கிற வேலை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெண்ணைக் கொண்டுபோய் வெயில் விழுகிற சதுரத்திலேயே நிறுத்தி, கண் கூச வைத்து எடுக்கிறார்கள். வெயிலுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள், வெயிலில் வேண்டாம். இன்னொன்று, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை சிவப்பாக இருந்தால் அந்தச் சிவப்பு தாடைக்கு அடியில் ஏறும். முகத்தில் என்னவோ சொறி போல் தெரிகிறது என்று எடிட்டிங்கில் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். பிரேமுக்கு வெளியே ஒரு வெள்ளை வேட்டியைத் தரையில் விரித்தால் சரியாகிவிடும்.

கறுப்பா இருக்கவங்களை அவர் மட்டும் எப்படி அவ்வளவு அழகாக் காட்டினார்?

ஷோபா, அர்ச்சனா, 'முள்ளும் மலரும்' ரஜினி. யாரையும் வெளுக்க வைக்க அவர் முயலவில்லை. ஒப்பனையை முடிந்தவரை குறைத்தார். மாநிறத் தோலுக்கு ஒரு மினுமினுப்பு உண்டு. மாவு பூசினால் அது செத்துப்போகும், நேரே விளக்கடித்தால் எண்ணெய் வழிவதாகத் தெரியும். மேலே சொன்ன மாதிரி, வெளிச்சம் அகலமான இடத்திலிருந்து பக்கவாட்டில் மெதுவாக வந்தால் அந்த மினுமினுப்பே முகத்தின் மேடு பள்ளத்தை எழுதிக் காட்டிவிடும்.

இன்றைக்கு நம் ஊர்க் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுங்கள். நல்ல மாநிறப் பெண் எல்.இ.டி. விளக்கிலும் பியூட்டி பில்டரிலும் மாட்டி, சுண்ணாம்பில் செய்த பொம்மையாக நிற்கிறாள். தம்பிகளிடம் கேட்டால் 'பெண் வீட்டார் கேட்கிறாங்கண்ணே' என்கிறார்கள். கேட்கத்தான் செய்வார்கள். இரண்டு விதமாகவும் எடுத்துக் காட்டுங்கள், எதை எடுத்து மாட்டுகிறார்கள் என்று பார்ப்போம்.

எல்லாப் படமும் சோகமாவே இருக்கே, சிரிக்கிற மாதிரி ஒண்ணுகூட எடுக்கலையா?

'ரெட்டை வால் குருவி' (1987), 'சதி லீலாவதி' (1995) பாருங்கள். இரண்டாவதில் கோவை சரளாவும் கமலும் பேசும் கோயம்புத்தூர்த் தமிழுக்காகவே போடச் சொல்லி வருடா வருடம் ஒருவர் சண்டை போடுகிறார்.

வீடு கட்டறதைப் பத்தி ஒரு படமாமே? அதுல என்ன இருக்கு தம்பி, நம்ம ஐயாக்கள் கட்டாத வீடா?

இதைக் கேட்டது எங்கள் நண்பரின் அப்பத்தா. கேள்வியில் நியாயம் இருக்கிறது. பர்மாவிலிருந்து தேக்கும் இத்தாலியிலிருந்து சலவைக்கல்லும் இறக்கி, இந்தத் தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாகக் கட்டிய ஊர் இது. 'வீடு' (1988) அதற்கு நேர் எதிர்முனை. சென்னையில் வேலைக்குப் போகும் சுதா, அவள் தங்கை, தாத்தா மூவருக்கும் குடியிருந்த வாடகை வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நிலை. கடன் வாங்கிச் சிறிதாக ஒரு வீடு கட்டப் புறப்படுகிறாள். கான்டிராக்டர் சிமெண்ட் திருடுகிறார், அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கிறது, காசு பத்தவில்லை. கடைசியில் அந்த இடமே குடிநீர் வாரியம் எடுத்துக்கொண்ட இடம் என்று தெரிய வருகிறது. சின்ன வயதில் தங்கள் வீடு கட்டியபோது அம்மா பட்ட பாடுதான் கதைக்கு வித்து என்று பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும், சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருதும் கிடைத்தன.

அப்பத்தாவுக்கு நான் சொன்னது ஒரு காட்சியை மட்டும் பாருங்கள் என்று. தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் குடையை எடுத்துக்கொண்டு தனியே கிளம்பி, பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க வருவார். பூசாத செங்கல். கதவு கிடையாது, வாசல் ஓட்டை மட்டும். ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவரைத் தடவிப் பார்ப்பார். வசனம் கிடையாது. கூரை முடியாத இடங்களிலிருந்து வெளிச்சம் தானாக விழுந்துகொண்டிருக்கும். அப்பத்தா முழுப் படமும் பார்த்தார். முடிந்ததும், 'எங்க மாமனாரும் இப்படித்தான் சுவத்தைத் தடவிக்கிட்டே நடப்பாரு' என்றார்.

பாட்டே இல்லாமலா அந்தப் படம்?

ஆமாம். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' என்ற இசைத் தொகுப்பிலிருந்து எடுத்துப் பின்னணியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அடுத்து வந்த 'சந்தியா ராக'த்திலும் பாட்டு இல்லை. ஆரம்பத்தில் சலில் சௌத்ரியுடன் வேலை செய்தவர், 'மூடுபனி' (1980) முதல் இளையராஜாவிடம் வந்தார். அது இளையராஜாவுக்கு 100ஆவது படம்.

ஷோபா விஷயத்தைப் பத்திப் பேசவே மாட்டேங்கிறீங்களே?

பாலு மகேந்திராவின் படங்களில் நடித்து, அவருக்குத் துணைவியாகவும் இருந்த ஷோபா 1980 மே 1 அன்று இறந்தபோது அவருக்கு 17 வயது. தேசிய விருது வாங்கிய நடிகை, அந்த வயதில் போனது பெரிய இழப்பு. பாலு மகேந்திராவின் சொந்த வாழ்க்கையில் கேள்விக்குரியவை இருந்தன, அவற்றைப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. ஆனால் காபி குடிக்கும் நேரத்தில் ஊகம் பேசித் தீர்க்கிற விஷயமும் அது இல்லை. 'அழியாத கோலங்க'ளில் ஷோபா டீச்சராக வருவதைப் பாருங்கள்.

வெளிநாட்டுப் படத்தையெல்லாம் காப்பி அடிச்சார்னு சொல்றாங்க. அதுக்கு என்ன பதில்?

கதை தேடி வெளியே போய்க் கை நீட்டினார், அதில் சந்தேகமில்லை. மலையாளத்தில் எடுத்த 'ஓளங்கள்' எரிக் சீகலின் நாவலிலிருந்து வந்தது. 'ஜூலி கணபதி' ஸ்டீபன் கிங் கதையின் சாயல். 'மறுபடியும்' இந்திப் படமான 'அர்த்'தின் மறு ஆக்கம். மூலத்தை எப்போதும் முறையாகச் சொன்னார் என்று அவர் பக்கம் நின்று வாதாட என்னால் முடியாது.

ஆனால் 'வீடு', 'சந்தியா ராகம்', 'அழியாத கோலங்கள்' மூன்றும் அவர் வாழ்க்கையிலிருந்தும் கண்ணிலிருந்தும் வந்தவை. என் கணக்கில் அவர் நிற்பது அந்த மூன்றின்மேல்தான். இரவல் கதைப் படங்களில்கூட முகத்தில் வெளிச்சம் விழுந்த விதம் இரவல் இல்லை.

அவர்கிட்ட வேலை கத்துக்கிட்டவங்க யாரு?

பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி, சுகா, பாடலாசிரியர் நா. முத்துக்குமார். கடைசிக் காலத்தில் சென்னையில் 'சினிமாப் பட்டறை' என்று பள்ளிக்கூடமே நடத்தினார். நல்ல சிறுகதை படிக்காதவன் நல்ல படம் எடுக்க முடியாது என்பது அவர் கட்சி. எழுத்தாளர்களின் சிறுகதைகளை எடுத்து சன் டிவிக்காக 'கதை நேரம்' செய்தார், 52 கதைகள். கல்லூரிப் பிள்ளைகள் அதிலிருந்து ஆரம்பிக்கலாம், ஒவ்வொன்றும் சின்னது.

இப்பத்தான் டிஜிட்டல் வந்துருச்சே, போன்லயே எல்லாம் வருது. இன்னும் அவரைப் பாத்து என்ன கத்துக்கறது?

அவரே டிஜிட்டலுக்கு மாறியவர்தான். கடைசிப் படம் 'தலைமுறைகள்' (2013) அப்படி எடுத்தது. தாத்தாவாக அவரே நடித்தார். எப்போதும் தலையில் இருக்கும் தொப்பி இல்லாமல் அதில் அவரைப் பார்ப்பதே வேறு மாதிரி. 2014 பிப்ரவரியில் அவர் போன பிறகு, ஏப்ரலில் அதற்கு தேசிய ஒருமைப்பாட்டுக்கான விருது அறிவித்தார்கள்.

போனில் எடுப்பவர்களுக்கு ஒரே ஒரு வேலை. வளவுப் பதிலில் சொன்ன இடத்தில் ஆளை உட்கார வையுங்கள். திரையில் வெளிச்சமான கன்னத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும், அப்புறம் கொஞ்சம் கீழே இழுங்கள். இருட்டு இருட்டாகவே இருக்கட்டும். போன் எல்லா மூலையையும் வெளிச்சமாக்கித் தரத் துடிக்கும், அதற்கு விடக்கூடாது.

அவர் படமெல்லாம் நல்ல பிரிண்ட்ல ஏன் கிடைக்க மாட்டேங்குது? நீங்க போட்டது ஒரே மங்கல்.

மங்கல்தான், ஒத்துக்கொள்கிறேன். 'வீடு', 'சந்தியா ராகம்' இவற்றின் மூல நெகட்டிவே அழிந்துவிட்டதென்று அவரே மேடையில் வேதனைப்பட்டிருக்கிறார். தமிழ்ப் படங்களைப் பாதுகாக்க ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார். லேபில் கிடக்கும் நெகட்டிவுக்கு வாடகை கட்ட ஆளில்லை, குளிர்சாதன வசதி இல்லை. தேசிய விருது வாங்கிய படத்துக்கும் கதி அதுதான். நாம் பார்ப்பது டிவிக்காக எப்போதோ மாற்றிய பிரதியின் பிரதி. அவருடைய நிழல்களில் இருந்த நிறத்தை அதில் பார்க்க முடியாது.

எங்க வீட்டு மச்சுல ஒரு தகர டப்பாவுல பிலிம் சுருள் கிடக்கு. ஐயா எடுத்ததாம். என்ன செய்யறது?

போன வருடம் கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் கேட்டது. நம் வீடுகளில் இப்படி இன்னும் நிறையக் கிடக்கும். முதலில், வெயிலிலோ விளக்குக்குப் பக்கத்திலோ வைத்துப் பிரிக்காதீர்கள். 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய 35 எம்.எம். சுருளாக இருந்தால் அது நைட்ரேட்டாக இருக்கலாம், சட்டென்று தீப்பிடிக்கும், தண்ணீரிலும் அணையாது. வீட்டில் எடுத்த 8 எம்.எம்., 16 எம்.எம். சுருள்களில் அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை.

டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதை மற்ற சுருள்களிலிருந்து உடனே பிரித்து வையுங்கள், பக்கத்தில் இருப்பதற்கும் பரவும். பழைய புரொஜெக்டரில் மாட்டி ஓட்டிப் பார்க்கிற ஆசையை அடக்குங்கள், சுருங்கிய பிலிம் பல்லில் சிக்கிக் கிழியும். மச்சில் இருந்து இறக்கி, வீட்டிலேயே குளிர்ச்சியான, ஈரமில்லாத அறையில் படுக்கை வசமாக வையுங்கள். டப்பாமேல் யார், எந்த ஊர், என்ன விசேஷம் என்று தெரிந்த வரைக்கும் பென்சிலால் எழுதி ஒட்டிவிடுங்கள். வீட்டில் அதைச் சொல்லத் தெரிந்த பெரியவர் இருந்தால் இந்த வாரமே கேட்டு எழுதிவிடுங்கள். அப்புறம் டிஜிட்டலாக மாற்றித் தருகிறவர்களிடம் கொண்டுபோகலாம். பொதுப் படமாக இருந்தால் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள்.